ஆறு வருடம் தாமதமான பதில்

அன்புள்ள சகுந்தலா,

உன் கடிதம் வந்தது 2019 செப்டம்பரில். பதில் எழுத இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இடையில் எழில் மகளின் கல்யாணத்தில் இருவரும் ஒரே பந்தியில் சாப்பிட்டோம். பாயசம் நன்றாக இருக்கிறது என்று நீ சொன்னாய், ஆமாம் என்று நான் சொன்னேன். முப்பது வருட சிநேகிதத்துக்கு அன்று அவ்வளவுதான் பேச்சு. அதற்காகவும் சேர்த்து என்னை மன்னித்துவிடு.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். இவர் ஓய்வு பெற்றுவிட்டார். பெரியவள் தை மாதம் பிரசவத்துக்கு வருகிறாள். கோமதி அக்கா தவறிப்போனது உனக்குத் தெரிந்திருக்கும். மதுரைக்குப் போனபோது பார்த்தேன். மெஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. வாசல் வேப்பமரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

உன் கடிதத்தில் இருந்தது நான்கே வரி. சிவில் நடைமுறைச் சட்டப் புத்தகத்தில், தடை உத்தரவுகளைப் பற்றிய கட்டளை 39 வரும் பக்கத்தில்தான் அதை வைத்திருக்கிறேன். “ராஜகோபால் தீர்ப்பை எனக்கு வாசித்துக் காட்டியவள் நீ. இந்த மனுவை எப்படி உன்னால் எழுத முடிந்தது?” என்று கேட்டிருந்தாய். நாம் படித்த காலத்துப் பத்திரிகைச் சுதந்திரத் தீர்ப்பு அது; மனு, ஒரு சிறு பத்திரிகைக்கு நான் தடை வாங்கியது. தடை மனு எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைத்தானே புரட்ட வேண்டும்! உன் கையெழுத்து ஒழுங்காகவாவது இருந்தால் பார்க்காமல் கடந்துவிடலாம். கோழி கிண்டியது போலக் கோணல்மாணலாக இருப்பதால் ஒவ்வொரு முறையும் கண் அங்கேயே போய் நிற்கிறது.

போன வியாழக்கிழமை ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கோர்ட்டுக்கு எதிரே, ஸ்டாம்ப் வெண்டர் உட்காரும் திண்ணையை ஒட்டிப் புதிதாக ஒரு ஜெராக்ஸ் கடை வந்திருக்கிறது. ஒரு தீர்ப்பு நகல் அவசரமாக வேண்டியிருந்தது. குமாஸ்தா விடுப்பு, நானே போனேன். தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மற்ற கடைக்காரர்கள் தாளை எண்ணுவார்கள். இவர் வாசித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டு, வலது கைச் சுண்டுவிரலை வரிக்குக் கீழே மெதுவாக நகர்த்தி வாசித்தார். பிழை திருத்திப் பழகிய விரல். அதைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். என்னுடைய அந்த வழக்கின் பிரதிவாதி. நான் தடை வாங்கிய பத்திரிகையின் ஆசிரியர்.

“இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளட்டுமா மேடம்? எனக்கு” என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுத்து, தட்டி அடுக்கி, ஓரத்தில் பின் அடித்தார். பிறகு, “இது எனக்கும் பொருந்துமா மேடம்?” என்று கேட்டார்.

என் தொண்டை அடைத்துவிட்டது. வழக்கில் எதிர்த்தரப்பினருக்கு நான் ஆலோசனை சொல்லக் கூடாது. “உங்கள் வக்கீலைக் கேளுங்கள்” என்றேன். “அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது, மேடம். வாய்தாவுக்கு நானே வந்து நிற்கிறேனே, பார்க்கவில்லையா?” என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. மீதிச் சில்லறையை எண்ணிக் கையில் கொடுத்தார். நான் பார்த்ததில்லை, சகுந்தலா. அந்த வழக்குக் கட்டைக் கூப்பிடும்போதெல்லாம் என் ஜூனியர்தான் எழுந்து தேதி வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் கேட்ட தீர்ப்பு எதுவென்று நீ ஊகித்திருப்பாய். 2024 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் சொன்னது. ஜீ நிறுவனத்தைப் பற்றிய அவர்களின் கட்டுரை பிப்ரவரி 21 இல் வந்தது. மார்ச் 1 ஆம் தேதி டெல்லியில் கீழ்க் கோர்ட் ஒரு வாரத்துக்குள் கட்டுரையை நீக்கச் சொன்னது. 14 ஆம் தேதி உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. 22 ஆம் தேதி சந்திரசூட், பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு இரண்டு உத்தரவுகளையும் ரத்து செய்து, புதிதாக விசாரிக்கும்படி கீழ்க் கோர்ட்டுக்கே அனுப்பியது. விசாரணை தொடங்கும் முன்பே கட்டுரைக்குத் தடை விதிப்பது பல நேரங்களில் அந்த எழுத்துக்கு மரண தண்டனையாகவே முடிகிறது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். கெட்ட நோக்கத்தோடு எழுதப்பட்டது அல்லது பார்த்தவுடன் தெரிகிற பொய் என்று நிலைநாட்டாமல், அதிலும் எதிர்த்தரப்பைக் கேட்காமல், தடை தரக் கூடாது என்கிறார்கள். 1891 இல் இங்கிலாந்தில் வந்த பொனார்ட் வழக்கின் விதிதான் அடிப்படை. நூற்று முப்பது வருடப் பழைய விதியை மீண்டும் எடுத்துச் சொல்ல வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம்.

என்னை உலுக்கியது இன்னொரு பத்தி. முகாந்திரம் இருக்கிறது, தராசு வாதி பக்கம் சாய்கிறது, தடை தராவிட்டால் ஈடுகட்ட முடியாத இழப்பு என்று மூன்றையும் மந்திரம் போல ஒப்பித்தால் போதாது, இந்த வழக்கின் சங்கதிக்கு அவை எப்படிப் பொருந்துகின்றன என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்கு வந்து பழைய கட்டைப் பிரித்து என் வழக்கின் உத்தரவை எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்றும் மூன்று வாக்கியமாக இருந்தன. அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. அந்த மூன்று வாக்கியங்களும் என் மனுவிலிருந்து எழுத்து மாறாமல் எடுத்தவை.

அந்த வழக்கை நீ செய்தியாகத்தான் கேள்விப்பட்டாய், முழுதாக உனக்குத் தெரியாது. கட்சிக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னது எதையும் இங்கே எழுதவில்லை. எல்லாம் கட்டில் இருப்பதும் ஊர் அறிந்ததும்தான். ஓடைப் புறம்போக்கில் கல்யாண மண்டபம் எழும்புகிறது என்று அந்த நான்கு பக்கப் பத்திரிகை எழுதியது. மாதம் இருமுறை, அறுநூறு பிரதி. கட்டுரையோடு ‘அ’ பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் அச்சிட்டிருந்தார்கள். இரண்டும் அரசாங்க ஆவணம். தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டால் யாருக்கும் கிடைக்கும். நான் பிராதில் “எவ்வித ஆதாரமும் இன்றி” என்று எழுதினேன். மனுவோடு அந்தப் பத்திரிகையைத் தாக்கல் செய்தபோது கட்டுரை வந்த முதல் பக்கத்தை மட்டும் சேர்த்தேன். நகல் அச்சாகியிருந்த மூன்றாம் பக்கத்தைச் சேர்க்கவில்லை.

காலையில் தாக்கல், மாலை நான்கு மணிக்கு உத்தரவு. வாதியைப் பற்றி எதையும் அச்சிடவோ வெளியிடவோ பரப்பவோ கூடாது, அடுத்த வாய்தா வரை. எதையும், சகுந்தலா! அந்தச் சொல்லும் நான் போட்டதுதான். அன்று வராந்தாவில் என்னைப் பாராட்டாத வக்கீல் இல்லை.

ஒருதலைப்பட்சமாகத் தடை வாங்கினால் முப்பது நாளுக்குள் இடைமனுவை முடிக்க முயல வேண்டும் என்று கட்டளை 39 இன் விதி 3ஏ சொல்கிறது. எங்கள் இடைமனுவுக்கு ஆறு வருடம் முடிந்துவிட்டது. எதிருரை வந்தது, அவகாசம் கேட்டோம். நீதிபதி மாறினார், கொரோனா வந்தது, மறுபடி அவகாசம் கேட்டோம். ஒவ்வொரு தேதியிலும் “தடை நீட்டிக்கப்படுகிறது” என்று ஒரு வரி. உத்தரவை மீறினால் சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை. மனைவி நகையை அடகு வைத்து அச்சுக் கூலி கொடுக்கிற மனிதர் அதை மீறுவாரா?

2021 ஐப்பசி மழையில் ஓடைத் தண்ணீர் போக வழியில்லாமல் கீழத்தெருவுக்குள் புகுந்தது. இடுப்பளவு தண்ணீர். ஒரு பசுங்கன்று கட்டிய இடத்திலேயே செத்துப்போனது. பெரிய பத்திரிகைகளுக்கு எங்கள் ஊர் மழை, மாவட்டச் செய்தியில் இரண்டு வரி. தண்ணீர் ஏன் வந்தது என்று எழுதக்கூடிய ஒரே ஆளின் கையைக் கட்டிப் போட்டிருந்தது என்னுடைய தடை. அடுத்த வருடம் பத்திரிகை நின்றுவிட்டது.

மதுரையில் நாம் படித்தபோது அந்த ராஜகோபால் தீர்ப்பு எப்படி நம்மைப் பிடித்து ஆட்டியது என்று யோசித்துப் பார்த்தேன். 1994 அக்டோபர் 7. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய முந்நூறு பக்கத் தன்வரலாறு; நக்கீரன் அதை வெளியிடத் தொடங்கியதும் சிறைத்துறைத் தலைவர் ஜூன் 15 அன்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றத்துக்கே நேராகப் போனார். வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ எந்தச் சட்டத்திலும் அதிகாரம் இல்லை, தங்களுக்கு அவதூறு என்று நினைத்தால் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும் என்று ஜீவன் ரெட்டியும் எஸ்.சி. சென்னும் எழுதினார்கள். கோர்ட் ஆவணம் உள்பட எந்தப் பொது ஆவணத்தில் இருப்பதையும் யாருடைய சம்மதமும் இல்லாமல் எழுதலாம் என்றார்கள். தல்லாகுளம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பத்தியை நான் உனக்கு உரக்க வாசித்தேன். மறுவருடம் நீ கறுப்பு அங்கியை மாட்டாமலேயே பத்திரிகை வேலைக்குக் கிளம்பிப் போனாய். தாவீது சார்கூட என்னைத்தான் திட்டினார், நல்ல பெண்ணைக் கெடுத்துவிட்டாய் என்று.

பொது ஆவணம் என்ற அந்தச் சொல்தான் என் மூன்றாம் பக்கம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

உன்னோடு ஒரு சண்டையும் இருக்கிறது. நீ வகுப்பிலும் கூட்டங்களிலும் பேசுவதெல்லாம் குற்றவியல் அவதூறு. 2016 இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் பிரிவு 499 ஐ உச்ச நீதிமன்றம் காப்பாற்றிவிட்டது, இப்போது அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆக உட்கார்ந்திருக்கிறது என்பாய். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அப்துல் குத்தூஸ் இந்து என். ராம், நக்கீரன் கோபால் முதலானோர் மீது தமிழக அரசு போட்ட அவதூறு வழக்குகளை ரத்து செய்ததைக் கொண்டாடினாய். எல்லாம் சரி. ஆனால் அந்த வழக்குகள் சத்தம் போட்டு வருகின்றன. கைது, ஜாமீன், கண்டன அறிக்கை என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுகிறது. சிவில் தடைக்குச் சத்தமே கிடையாது. ஒரு மதியம், ஒரு மனு, அமீனா கையில் ஒரு தாள். பத்திரிகை நின்றுபோனதுகூட யாருக்கும் செய்தியாகத் தெரியாது. உன் மாணவர்களுக்கு 356 ஐ ஒரு நாள் நடத்தினால், கட்டளை 39 ஐ ஒரு வாரம் நடத்து. பெரிய இடத்தைப் பற்றி எழுதப் போகிறவர்களுக்கு, சிவில் நடைமுறைச் சட்டப் பிரிவு 148ஏ படி முன்கூட்டியே கேவியட் போடலாம், அது தொண்ணூறு நாள் நிற்கும், அதற்குள் எதிராளி வழக்குப் போட்டால் உன்னைக் கேட்காமல் தடை தர முடியாது என்று சொல்லிக் கொடு. இதை அந்த மனிதருக்கு 2019 இல் யாராவது சொல்லியிருந்தால் என் மனு அன்றே நின்றிருக்கும்.

ப்ளூம்பெர்க் தீர்ப்புக்குப் பிறகாவது மாறியதா என்று பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது. 2025 இல், தர்மஸ்தலா புதைப்புப் புகார் விவகாரத்தில் பெங்களூரு சிவில் கோர்ட்டில் தந்த தடையில் இருந்த இணைப்புகள் எத்தனை தெரியுமா? 8,842. அதில் யூடியூப் வீடியோ மட்டும் 4,140. எண்ணாயிரத்துச் சொச்சத்தையும் ஒருவர் பார்த்து, எது பொய் என்று முடிவு செய்துதான் உத்தரவு வந்தது என்று நான் நம்ப வேண்டுமா? ஒரு யூடியூப் சேனல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போய், தன் அளவில் ஆகஸ்ட் 1 அன்று அதை ரத்து செய்ய வைத்தது. செப்டம்பர் 6 அன்று டெல்லி ரோகிணி கோர்ட்டில் அதானி நிறுவனத்துக்கு ஒருதலைப்பட்சத் தடை. பத்தாம் நாள் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே 138 யூடியூப் இணைப்புகளையும் 83 இன்ஸ்டாகிராம் பதிவுகளையும் நீக்கும்படி நோட்டீஸ் அனுப்பிவிட்டது. இருவருக்கு இடையிலான சிவில் வழக்கில் அமைச்சகத்துக்கு என்ன அவ்வளவு அவசரம்? 18 ஆம் தேதி மாவட்ட நீதிபதி, கட்டுரைகள் நெடுநாளாகப் பொதுவெளியில் கிடந்தவை, எழுதியவர்களைக் கேட்ட பிறகே முடிவு செய்திருக்க வேண்டும் என்று சொல்லி நான்கு பத்திரிகையாளர்களுக்கு எதிரான தடையை நீக்கினார். மேலே போகக் காசும் வக்கீலும் இருந்தவர்களுக்கு அப்படி விடிந்தது. பேர் தெரியாத பிரதிவாதிகளை இப்போதெல்லாம் “அசோக் குமார்” என்று போட்டு உத்தரவு வாங்குகிறார்கள். நம் வகுப்பு அசோக்குமாரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே, டெல்லிக்கு முன்ஜாமீன் கேட்டுப் புறப்பட்டுவிடுவான்.

இதைப் படித்துவிட்டு, இனி அவதூறு வழக்கே வேண்டாம் என்று நான் மாறிவிட்டதாக நினைத்துவிடாதே. என்னிடம் ஒரு பையனின் கட்டு இருக்கிறது. பொய் வழக்கில் சிக்கி, முழுமையாக விடுதலையானவன். பெண் பார்க்கப் போகும் இடமெல்லாம் அவன் பேரைத் தேடினால் கைதான செய்தி முதலில் வருகிறது. விடுதலையான செய்தி எங்கேயும் இல்லை. அப்படி விடுதலையான ஒருவரின் பேரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்தப் பையனுடைய அம்மா என் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்தால் நீயும் என்னோடு சேர்ந்து மனு எழுதுவாய். அந்தரங்க உரிமை அரசியல் சாசனத்தின் 21 ஆம் பிரிவுக்குள் அடக்கம் என்று சொன்னதும் அதே ராஜகோபால் தீர்ப்புதான். ஒருவன் வீட்டுக்குள் நடப்பது ஒன்று, ஊர் ஓடையில் கட்டும் மண்டபம் வேறு. இந்த வித்தியாசம் எந்த ஜூனியருக்கும் தெரியும். எனக்கும் அன்று தெரியும்.

மால்டாவின் டாஃப்னி கருவானா கலிசியாவைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைத் தேடிப் பிடித்து மறுபடி வாசித்தேன். 2017 இல் கார் குண்டில் கொல்லப்பட்டபோது அவர் மேல் நாற்பதுக்கும் அதிகமான அவதூறு வழக்குகள் இருந்தன என்று எழுதியிருந்தாய். செத்த பிறகும் சில வழக்குகள் அவர் குடும்பத்தின் தலையில் தொடர்ந்தன என்றும். ஐரோப்பாவில் 2024 இல் இப்படிப்பட்ட வாய்ப்பூட்டு வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய ஒரு நெறிமுறையே கொண்டுவந்துவிட்டார்கள். நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ப்ளூம்பெர்க் தீர்ப்பில் இந்த வாய்ப்பூட்டு வழக்குகளை ‘ஸ்லாப்’ என்று பேர் சொல்லி எச்சரித்ததோடு நிற்கிறது. எங்கள் ஊர் கோர்ட்டு வரை அந்த எச்சரிக்கை ஜெராக்ஸ் கடை வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை கட்சிக்காரரை வரவழைத்து, வக்காலத்திலிருந்து விலகுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கட்டையும் மீதி ஃபீஸையும் கொடுத்தாகிவிட்டது. கோர்ட்டிலும் மெமோ தாக்கல் செய்துவிட்டேன். ஆனால் அந்த ஆசிரியருக்கு நான் ஆஜராக முடியாது. ஒரு பக்கம் வக்காலத்துப் போட்ட வழக்கில் மறுபக்கம் நிற்பது தொழில் தர்மத்துக்கு விரோதம். அவர் கடையில் போய் நின்று நாலு வார்த்தை சொல்லிக் கொடுக்கவும் கூடாது. கட்டளை 39 விதி 4 இன் கீழ் தடையை நீக்கக் கோரி ஒரு மனுப் போட வேண்டும். அவர் அச்சிட்ட மூன்றாம் பக்கத்தை அதனுடன் தாக்கல் செய்தால் போதும். அதைச் செய்ய இந்த ஊரில் யாரும் முன்வர மாட்டார்கள். காரணம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எழிலிடம் நீ பேசு. நான் கூப்பிட்டால் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவாள்; நீ கேட்டால் மதுரையிலிருந்து காலை முதல் பஸ் பிடித்து வருவாள். அவளாகவே அவரைச் சந்திக்கட்டும், நான் எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். கடை ஒன்பது மணிக்குத் திறக்கிறது, கோர்ட் நேரம் முழுக்க அங்கேதான் இருக்கிறார். அடுத்த வாய்தா டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. பழைய இதழ்கள் ஒன்று விடாமல் தைத்து வைத்திருப்பதாகப் பக்கத்து டைப்பிஸ்ட் சொன்னாள். 2019 ஆகஸ்ட் முதல் இதழைக் கேட்டு வாங்கச் சொல்.

உன் பதில் நான்கு வரியாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
மங்கை